சாங்கியில் விமானம் மாறுதல்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மூன்றரை மணி நேர இடைவெளியில் மெல்போர்ன் விமானத்துக்கு மாறியவன் என்ற முறையில், இங்குள்ள ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை ஒரே பொது இடத்தில் அல்லாமல் அந்தந்த விமானத்தின் புறப்பாட்டு வாயிலிலேயே நடப்பதால், வந்திறங்கும் பயணி வரிசையில் நிற்காமல் நேராக ஓய்விடங்களுக்கோ கடைகளுக்கோ சென்றுவிட முடிகிறது. இதனால் ஒரு சிறு சங்கடமும் உண்டு. குழாயில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை வாயிலுக்கு முன்பே காலி செய்தாக வேண்டும் என்பதால், வீணாக்க மனமின்றி நின்றபடியே முழுவதையும் குடித்துத் தீர்த்தேன்.

இம்மூன்று முனையங்களையும் ஸ்கைட்ரெயின் என்ற விமான நிலைய ரயில் இணைக்கிறது. நான்காம் முனையத்துக்குப் பேருந்துதான் என்பதால், அங்கு மாறுவோர் கூடுதல் நேரம் ஒதுக்குவது நல்லது.

2019இல் விமான நிலையத்தில் திறக்கப்பட்ட ஜுவல் வணிக வளாகத்தின் 40 மீட்டர் உயர அருவியைப் பலரும் தேடுகிறார்கள். ஆனால் அது குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் இருப்பதால், சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்கள் அருகில் செல்ல இயலாது. அவர்கள் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஸ்கைட்ரெயினில் ஒருமுறை சென்றுவரலாம். ரயில் அவ்வளாகத்துக்குள்ளேயே புகுந்து செல்கையில், அருவி சில நொடிகள் கண்ணாடிக்கு வெளியே தெரிகிறது.