கட்டன் சாயா நிறத்தில் ஒரு கப்: ஸ்கிம்மரோடு நாலு வருஷம்

களியக்காவிளையில் எங்கள் வீட்டு முன்னறையில் 4 அடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அடியில் உள்ள சம்ப்பையும் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் கீழ்த் தொட்டி) சேர்த்தால் 270 லிட்டர் தண்ணீர். இரண்டு கிளவுன் மீன், ஒரு கோபி மீன், கொஞ்சம் காளான் பவளம், சோயாந்தஸ் என்ற பவள இனம், அப்புறம் ஒரு லெதர் பவளம். இந்த லெதர் வரும்போது உள்ளங்கைக்குள் அடங்கியது. இப்போது சோற்றுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நிற்கிறது. கல் பவளம் கிடையாது. 2001லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, யாராவது ரகசியமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

2021ல் தொட்டி வைத்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் முதல் ஸ்கிம்மரை, அதாவது தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் மெஷினை, வாங்கினேன். பெட்டியில் 1000 லிட்டர் வரை என்று போட்டிருந்தது. "பெரிசா எடுத்தா பிறகு டென்ஷன் வேண்டாம்" என்றார் கடைக்காரச் சேட்டன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆறு மாதம் அந்த மெஷினோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

மீன் தீனி, மீன் கழிவு, பவளம் விடும் வழவழப்பு எல்லாம் தண்ணீரில் கரைந்து கிடக்கும். அந்த மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரைக் கண்டால் விலகும். காற்றுக் குமிழியின் மேற்பரப்பு கிடைத்ததும் விலகும் முனை காற்றுப் பக்கம் திரும்பி ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் லட்சக்கணக்கில் பொடிக் குமிழிகளை உண்டாக்கி, அழுக்கோடு மேலே தள்ளி, கழுத்து வழியாக மேலே உள்ள கப்பில் கொட்டுகிறது, அவ்வளவுதான். ஆடி மாதம் தேங்காப்பட்டணம் கரையில் அலை ஒதுக்கும் பழுப்பு நுரையும் இதே சமாச்சாரம்தான். உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் பொடியாகவே நிற்கும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் இது சரியாக ஓடாததற்குக் காரணம் அதுதான்.

கழுத்து நிறைய நுரை கட்ட வேண்டுமென்றால் அதற்கேற்ற அழுக்கு வேண்டும். என் தொட்டியில் இருப்பதோ மூன்று மீன். பெரிய மெஷினின் அகலமான கழுத்தில் நுரை பாதிவரை ஏறும், அங்கேயே உடைந்து கீழே இறங்கும். கப் காலியாகவே கிடக்கும். பொறுமையிழந்து வால்வைத் திருகி மெஷினுக்குள் தண்ணீர் மட்டத்தை ஏற்றினால், அன்றிரவே வெறும் உப்புத் தண்ணீர் கப்பு நிறைந்து வழியும். பெரிது வாங்கினால் நல்லது என்பது இந்த விஷயத்தில் பொய்.

2022ல் 400 லிட்டர் அளவுக்கான சின்னது ஒன்றுக்கு மாறினேன். காற்றைப் பொடிக் குமிழியாக அடிக்கும் ஊசிச் சக்கர இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), டிசி பம்ப். இந்த முறை கடைக்கு அளவு நாடாவோடு போனேன். முதல் மெஷினின் கப்பை வெளியே எடுக்க ஸ்டாண்டின் மேல் பலகை இடிக்கும். சாய்த்துச் சாய்த்து எடுக்கையில் பாதிக் கழிவு திரும்ப சம்ப்புக்குள் விழும். கப்பை நேராக உயர்த்தி எடுக்க இடம் இருக்கிறதா, ஒரு கையால் எடுக்க முடிகிறதா, இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கலர் விளக்கு எரியும் கண்ட்ரோலரை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

புது மெஷின் முதல் பத்து நாள் வரை கிறுக்குத்தனம் செய்யும். அக்ரிலிக்கில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை ஓட்டி அலசிவிட்டுப் போட்டால் சீக்கிரம் வழிக்கு வரும்.

அப்புறமும் எனக்கு நுரை நிலைக்கவில்லை. காலையில் சரியாக இருக்கும், மறுநாள் சாயங்காலம் கப்பில் ஒன்றும் இருக்காது. தினமும் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தேன். கோளாறு ஸ்கிம்மரில் இல்லை, சம்ப்பில் இருந்தது. தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அதே அறையில் ஸ்கிம்மரையும் நிறுத்தியிருந்தேன். மின்விசிறி ஓடும் மார்ச் மாதத்தில் ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும், அதனால் ஸ்கிம்மர் நிற்கும் மட்டமும் தினமும் இறங்கிக்கொண்டே போகும். வெளி மட்டம் ஒரு விரற்கடை இறங்கினால் உள்ளே நுரை மட்டமும் இறங்கும். மார்த்தாண்டத்திலிருந்து கண்ணாடிக்காரர் ஒருவரை வரவழைத்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தடுப்பு ஒட்டினேன். இப்போது ஸ்கிம்மர் அறையில் மட்டம் எப்போதும் 20தான். ஆவியாகும் நஷ்டமெல்லாம் ரிட்டர்ன் அறைக்கு. மெஷின் விலையோடு ஒப்பிட்டால் கண்ணாடிக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை.

இனி டியூனிங். கப்பும் உடலும் சேரும் இடத்தில் குமிழி அடர்ந்து வெள்ளையாகும் கோடு தெரியும். அதைக் கழுத்தின் அடிவரைக்கும் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு வால்வைக் கால் சுற்று மட்டும் திருகி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மட்டம் உயர்ந்தால் வெளிர் சாயா நிறத்தில் நிறையக் கழிவு வரும், தாழ்ந்தால் கறுத்த குழம்பாகக் கொஞ்சமாக வரும். எனக்குப் பிடித்தது நடுவில், கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறம். ஒருமுறை ஆசைப்பட்டு மாதக்கணக்கில் நிறைய எடுத்தேன். பவளத்துக்குக் கொஞ்சம் தேவைப்படும் சத்தான நைட்ரேட் பூஜ்யமானது, காளான் பவளங்கள் சுருங்கிப் போயின. தீனியைக் கூட்டிய பிறகுதான் விரிந்தன.

எண்ணெய்க் கதையைச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காரணமே இல்லாமல் நுரை சட்டென்று அடங்கி, நாலைந்து மணி நேரம் கழித்துத் தானாக எழும். நான் பம்பைக் கழற்றினேன், காற்றுக் குழாயைக் கழுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது. அம்மா தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டு, அதே கையால் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நுரையை உடைக்கத் துளி எண்ணெய் போதும். "மக்களே, நான் ரெண்டு விரலுதானே முக்கினேன்" என்றார். அந்த இரண்டு விரல்தான்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது வேறொரு தொல்லை. மேல் தொட்டித் தண்ணீர் வடிந்து சம்ப் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்கிம்மர் ஓடத் தொடங்கினால் கப் வழிந்து தரையெல்லாம் உப்பாகும். ரிட்டர்ன் பம்ப் ஓடி மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மர் எழும்படி 10 நிமிடத் தாமத டைமர் வைத்துவிட்டேன். சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இது வைக்காத வீடுகளில் நான் தரை துடைத்திருக்கிறேன்.

வீட்டைச் சாத்திவைக்கும் ஜூன், ஜூலையில் தண்ணீரின் பிஹெச் 7.8க்கு இறங்கும். மூடிய அறையில் நாம் விடும் மூச்சின் கரியமிலவாயுவை ஸ்கிம்மர் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டியதும் 8.1 ஆனது. முதலில் கிழக்கு ஜன்னலில் விட்டேன். பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட ஆரம்பித்ததும் பயந்து மேற்குப் பக்கம் மாற்றினேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாளுக்கொருமுறை கழுத்தைத் துடைக்க வேண்டும், பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது. காற்று உள்ளே போகும் துளையில் உப்புப் பொரியும். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினால் கரையும். மூன்று மாதத்துக்கொருமுறை பம்பை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கிறேன், சுண்ணாம்பு விட்டுப்போகும்.

இவ்வளவு செய்தும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் குழு 2009ல் சில ஸ்கிம்மர்களை அளந்தது. தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 சதவீதம்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. அதனால் தண்ணீர் மாற்றுவதை நான் நிறுத்தவில்லை. லெதர் பவளம் தோலுரிக்கும் வாரத்தில் தண்ணீரைச் சுத்தமாக்கும் கார்பன் (கரி) பையும் போடுவேன்.

கப்பின் நாற்றம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல, மழையில் நனைந்த ஓட்டுப்பால் (உறைந்த ரப்பர்பால்) சாக்கு மாதிரிதான் இருக்கும். முதலில் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தேன். "உப்புதானே, தென்னை மூட்டுல ஊத்து" என்று அம்மா கிணற்றடித் தென்னையைக் காட்டினார். இப்போது அங்கேதான் ஊற்றுகிறேன்.