ஷியரரா, கேனா?

கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரராக யாரை எடுப்பது? இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகில் ஆலன் ஷியரர் 441 ஆட்டங்களில் 260 கோல் அடித்தார். ஹாரி கேன் 320 ஆட்டங்களில் 213. சராசரியில் கேன்தான் முன்னே.

ஆனால் இருவரும் ஆடிய இடமே வேறு. ஷியரர் கோல் முன்னுள்ள பெனால்டி பகுதியை விட்டு அதிகம் நகரமாட்டார். தடுப்பாட்டக்காரரை முதுகால் தள்ளி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே வரும் பந்துக்கு, அதாவது கிராஸுக்குக் காத்திருப்பார். 1997-இல் கணுக்காலில் பலத்த காயம். வேகம் குறைந்ததும் உடல் பலத்தை இன்னும் அதிகமாக நம்பினார்.

கேன் டாட்டன்ஹாம் அணியில் ஆடியபோது நடுக்களத்துக்கு இறங்கிப் பந்தை வாங்கி, திரும்பி, முன்னே ஓடும் சக ஆட்டக்காரர் சோனுக்கு நீளமாக அனுப்பினார். 2020-21 சீசனில் 23 கோல், 14 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த கடைசி பாஸ்), இரண்டிலும் முதலிடம். சிக்கல் ஒன்று: பக்கவாட்டில் ஆடும் இறக்கை ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடாவிட்டால் கோல் முன்னால் ஆளே இருக்காது.

கிராஸ் போடும் அணிக்கு ஷியரர். வேகமான இறக்கைகள் உள்ள அணிக்கு, தயங்காமல் கேன்.