வயசு பாக்காம லெவல் பாத்து சேக்குற கணக்கு டியூஷன், ஆறு மாச அனுபவம்

என் பொண்ணு ஆறாங்கிளாஸ், கணக்குல ரொம்ப பின்தங்கிட்டான்னு இங்க சேத்தோம். இங்க வயச வச்சு பிரிக்கிறது இல்ல, மொத நாளே ஒரு டெஸ்ட் வச்சு எது தெரியும் எது தெரியலன்னு பாத்து அந்த குரூப்ல விடுறாங்க. இவ 1/2 + 1/3 = 2/5னு எழுதியிருந்தா, மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டி வச்சிருக்கா. ஸ்கூல்ல அதுக்கு ஒரு சிவப்பு கோடு, அவ்ளோதான். இங்க டீச்சர் பேப்பர மடிச்சு 2/5 பாதிய விட சின்னதுன்னு காட்டுனாங்க, கூட்டுனா எப்படி மிஸ் கொறையும்னு அவளே கேட்டா பாருங்க, அங்கயே புரிஞ்சிடுச்சு!

இந்த முறை பழசுதான். அமெரிக்காவுல ஜாப்லின்ங்கற ஊர்ல 1950கள்லயே 4, 5, 6ஆம் வகுப்பு பசங்கள வாசிப்பு நேரத்துக்கு மட்டும் லெவல்படி மாத்தி உக்கார வச்சாங்க, மத்த நேரம் அவங்கவங்க கிளாஸ்தான். அந்த "மட்டும்" ரொம்ப முக்கியம், நாள் முழுக்க பிரிச்சு வச்சா புள்ளைங்க மனசுல "நான் மக்கு"ன்னு பதிஞ்சிடும்.

குறைன்னா, இவ குரூப்ல மத்த எல்லாருக்கும் எட்டு வயசு, மொத ரெண்டு வாரம் வீட்டுக்கு வந்து அழுதா, அத யாரும் கவனிக்கல. அப்புறம் மறு டெஸ்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவதான், இவ ஒரே மாசத்துல பின்னம் முடிச்சும் அங்கயே உக்காந்திருந்தா, நான் போய் கேட்ட பிறகுதான் மேல மாத்துனாங்க.

நாலு ஸ்டார். மாசாமாசம் டெஸ்ட் வச்சு மாத்துனா அஞ்சு குடுப்பேன்.