நூற்புழுவோடு நான்கு ஆகஸ்ட்

போன வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மண்ணுக்குள் இருக்கும் புழுவைத் தின்ன ராத்திரியோடு ராத்திரியாக ரக்கூன்கள் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையைப் பாய் மாதிரிச் சுருட்டிப் போட்டிருந்தன. அடியில் ஒரு வேர்கூட இல்லை. "அண்ணே, நீங்க புழுவை விட்டே புழுவைக் கொல்றீங்களாமே, நானும் வாங்கவா?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

எங்கள் நியூஜெர்சி மண்ணில் இருப்பது ஜப்பானிய வண்டின் வேர்ப்புழு. 1916இல் இதே மாநிலத்தில், ரிவர்ட்டன் அருகே ஒரு நாற்றுப்பண்ணையில்தான் அமெரிக்காவில் முதன்முதலாக அதைக் கண்டார்கள். ஜூலையில் ரோஜா இலையைச் சல்லடையாக்கும் அந்தப் பச்சைத் தலை, செம்பு முதுகு வண்டைப் பார்த்தால் ஊரில் தீப்பெட்டிக்குள் வளர்த்த பொன்வண்டு நினைவு வரும். அதன் முட்டை ஆகஸ்டில் பொரிந்ததும் புழு வேரைத் தின்னத் தொடங்கும்.

2021 செப்டம்பரில் ஓர் அடிக்கு ஓர் அடி புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டி எண்ணினேன். பதினான்கு. பத்து வரை நல்ல புல் தாங்கும், அதற்கு மேல் போனால் மருந்து வேண்டும். தேனீக்களை நினைத்து நஞ்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தேனீக்குக் கேடான இமிடாகுளோப்ரிட் வகைப் பூச்சிமருந்துகளை வீட்டுப் புல்தரையில் போடக் கூடாது என்று 2022இல் இங்கே சட்டமே வந்தது. அந்த ஆகஸ்டில்தான் வேர்ப்புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் ஹெட்டரோராப்டிடிஸ் என்ற நூற்புழுப் (நெமடோட்) பொட்டலம் முதலில் வீட்டுக்கு வந்தது.

கண்ணுக்குத் தெரியாத உயிர் அது. வெயில் பட்டால் சாகும், மண் காய்ந்தால் சாகும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு, தரையை முதலில் நனைத்துவிட்டு, தெளித்து, மறுபடியும் நனைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சிரமமே இல்லை. நான்கு வருடமாக என் பொறுமையைச் சோதிப்பது ஹோஸில் மாட்டும் தெளிப்பான்தான். உள்ளே இருக்கும் சின்ன வலையைக் கழற்றிவிட வேண்டும் என்று உறையில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கழற்றாவிட்டால் பொட்டலத்துக் களிமண் அடைத்துக்கொள்கிறது. கழற்றினால் கலவை இரண்டே நிமிடத்தில் காலியாகி, பாதித் தரைக்குக்கூட வராது. நூற்புழு அடியில் படிந்துவிடும் என்பதால் குப்பியைக் குலுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். இருட்டில், கொசுக்கடியில், ஒரு கையில் டார்ச்சோடு.

பொட்டலத்தில் போட்டிருக்கும் பரப்பளவையும் நம்பாதீர்கள். ஏக்கருக்கு நூறு கோடி நூற்புழு என்பது பொதுவான கணக்கு. ஆயிரம் சதுர அடிக்கு இரண்டேகால் கோடிக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். எங்கள் பின்கட்டு இரண்டாயிரம் சதுர அடி. ஐந்து கோடிப் பொட்டலம் இதற்கே சரியாகப் போகிறது, உறையோ இதைவிடப் பெரிய தரைக்குக் கணக்குச் சொல்கிறது.

ஆனால் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. முதல் வருடம் தெளித்து இரண்டு வாரம் கழித்துப் புல்லைப் புரட்டினேன். பால் வெள்ளையாக இருக்க வேண்டிய புழு செங்கல் நிறத்தில் கிடந்தது. நூற்புழு தன்னோடு கொண்டுபோகும் பாக்டீரியாவின் நிறம் அது, இருட்டில் மங்கலாக ஒளிரவும் செய்யும். மகளைக் கூப்பிட்டு விளக்கை அணைத்து இருவரும் குனிந்து பார்த்தோம். கண் இருட்டுக்குப் பழகப் பழக ஏதோ தெரிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே காசு கொடுக்கலாம். அக்டோபரில் எண்ணிக்கை ஐந்து.

2023இல் பொட்டலம் வெயில் காலத் தபால் பெட்டியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. கையில் எடுத்தபோதே சூடு. ஒரு துளியை லென்ஸில் பார்த்தேன், எதுவும் நெளியவில்லை. விற்றவருக்கு எழுதினால் காலாவதித் தேதியைப் பாருங்கள் என்றார். அந்த வருடம் எண்ணிக்கை பதினொன்று, ரக்கூன் மாதிரியே புழு தேடும் ஸ்கங்க் வந்து தோண்டியது. அடுத்த இரண்டு வருடமும் பொட்டலம் குளிர்ந்தே வந்தது. நான்கு, மூன்று. விற்றவர் மேல் கோபம் இருந்தாலும் சரக்கைக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, நீங்கள் வாங்காதீர்கள். இப்போது வாங்கி ஒன்றுக்கும் ஆகாது. மண் குளிரத் தொடங்கிவிட்டது, புழுவும் கொழுத்துவிட்டது. கிளறிய இடத்தில் உடனே விதை போடுங்கள். ஏப்ரல் கடைசியில் குளோரன்ட்ரானிலிப்ரோல் என்ற பூச்சிமருந்துக் குருணை வாங்கித் தூவி, அரை அங்குலம் தண்ணீர் விடுங்கள். ஆகஸ்டுக்கு முன்பே அது வேரடியில் காத்திருக்கும். தேனீக்கும் ஆபத்து மிகக் குறைவு. நானும் மாறுகிறேன். இந்த ஆகஸ்டில் மூன்றாவது தெளிப்பானும் அடைத்து, மீதியைப் பூவாளியில் ஊற்றி முடிக்க இரவு பத்தரை ஆகிவிட்டது. இன்னொரு ஆகஸ்டுக்கு எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள். உரம் தூவும் வண்டியோடு வருகிறேன், இரண்டு வீட்டுக்கும் அன்றே போட்டுவிடலாம்.