புளியங்கொட்டையா, பங்கு அட்டையா, இருவர் பேச்சா?

வாசிப்புப் பாடவேளையில் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஒருவர் பேசுவார், ஒருவர் ஆமாம் போடுவார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இதைச் சரிசெய்யப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. முதலில் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கமும், பிறகு மாறுதலில் போன ஏற்காட்டிலும் நடுநிலை வகுப்புகளில் நான்கு வழிகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

பலரும் முதலில் கையிலெடுப்பது புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவர், மற்றவர்களுக்கும் தீரும்வரை வாய் திறக்கக் கூடாது. செலவு இல்லை, விதி ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், வாயாடிப் பிள்ளை அன்றே அடங்கும். பேசாத பிள்ளையோ “எனக்கும் அதேதான்” என்று மூன்று முறை சொல்லிக் கொட்டையைத் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கை சமமாகிவிட்டது, பேச்சு எங்கே? வாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கொட்டை தீர்ந்துபோவதும் உண்டு. விதிக்காக அவளை நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

பங்கு அட்டை இதைவிடக் கௌரவமான ஏற்பாடு. கேள்வி கேட்பவர், சொற்பொருள் தேடுபவர், படம் வரைபவர், தொகுத்துச் சொல்பவர் என ஆளுக்கொரு வேலை. 1990களில் அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ், ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் இலக்கிய வட்டங்களை அங்கே பரவலாக்கியபோது இந்த அட்டைகளும் பரவின. கூச்சப்படும் பிள்ளைக்குக் கையில் ஒரு தாள் இருப்பது பெரிய தைரியம். அதனால் முதல் சில வாரங்களுக்கு இதை நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். அதற்குப் பிறகு அட்டை புத்தகத்தைத் தின்னத் தொடங்குகிறது. வரிசையாக எழுந்து தாளை வாசிக்கிறார்கள், ஐந்தாறு நிமிடத்தில் “முடிந்துவிட்டது டீச்சர்” என்கிறார்கள். படம் வரைந்தவன் மாட்டை அழகாக வரைந்திருப்பான்; கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்திருக்க மாட்டான். டேனியல்ஸே பின்னாளில் அட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். நம் பக்கம் மட்டும் அவற்றை லேமினேட் செய்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கிறோம்.

மலையில் வேறொரு சிக்கலும் உண்டு. நவம்பர் வந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெரியவர்கள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வி கேட்பவர் வராத நாளில் அந்தக் குழுவில் கேள்வியே இல்லை.

பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுக்கும் முறை இந்த இடத்தில் இன்னும் மோசமாகச் சரிகிறது. சமூக உளவியலாளர் எலியட் அரான்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அவர்களை ஒருவரையொருவர் சார்ந்திருக்க வைக்க உருவாக்கியது அது. சமூக அறிவியல் பாடத்துக்கு அருமை. கதையை நான்காக வெட்டி யாராவது படிப்பார்களா?

என் ஓட்டு இருவர் பேச்சுக்குத்தான். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தது: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, அதன் பிறகே குழுவுக்குச் சொல். நான் ஒரு விதி சேர்த்துக்கொள்கிறேன்: குழுவில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, இணையின் கருத்தைத்தான் சொல்ல வேண்டும். “இவன் என்ன சொல்கிறான் என்றால்” என்று தொடங்குவதில் யாருக்கும் கூச்சமில்லை. தப்பாகச் சொன்னால் இணை பொறுக்க மாட்டான். “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று குறுக்கே பாய்வான். மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை அப்படித்தான் முதன்முதலாகப் பேசுகிறது. சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் நன்மை. அவர்கள் வீட்டில் பேசும் தமிழைப் பாடநூல் தமிழாக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஆக்காமலே சொன்னாலும் தோழி சிரிப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாற்பது பேருக்கு மேல் உள்ள நகரத்து வகுப்பில் இரைச்சல் பக்கத்து அறைவரை போகும். எல்லா இணைகளையும் காதுகொடுத்துக் கேட்கவும் முடியாது. பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு நேற்றைய கிரிக்கெட்டைப் பேசியிருப்பார்கள்.

எந்த முறையானாலும் கேள்வி செத்திருந்தால் பேச்சும் செத்துவிடும். கதையில் மாட்டை விற்றது யார் என்று கேட்டால் ஒரே பதில். விற்றிருக்க வேண்டுமா என்று கேட்டால் சண்டை. கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும் ஆசிரியரின் வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சுமார் 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன என்றும் 1970களிலேயே எழுதினார். 3 வினாடி சும்மா நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

குழுவுக்கு நால்வர் போதும். ஐந்தாவது பிள்ளை சேர்ந்தால் ஓர் இணை மூவராகிறது, அதில் ஒருவர் வேடிக்கை பார்க்கிறார். யாராவது வராத நாளில் மீதி மூவரை ஒன்றாகப் பேசவிடுகிறேன். ஆனால் அன்று அவர்கள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.