நல்லூர் ஒழுங்கை வீடு: 2003 முதல் தங்கிவரும் ஒருவரின் அனுபவம்

யாழ்ப்பாணம் போனால் எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே இடம்தான். கச்சேரி நல்லூர் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் இருக்கும் பழைய கல்வீடு. படலையில் பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று வீட்டுக்கார ரீச்சர் கேட்டுக்கொண்டதால் இங்கும் போடவில்லை. அந்தப் பக்கம் போய் ‘றூம் குடுக்கிற ரீச்சர் வீடு’ என்றால் காட்டிவிடுவார்கள். ஆய்வுகூட உபகரணங்கள் திருத்துவது என் வேலை. கொழும்பிலிருந்து போனால் நாலைந்து நாள் நிற்கவேண்டியிருக்கும். 2003 இலிருந்து அங்கேதான் தங்குகிறேன்.

இது விடுதியாகக் கட்டப்பட்ட இடமல்ல, இன்றைக்கும் முழு விடுதியாக மாறவில்லை. அங்கே இருக்கிற நல்லதும் கரைச்சலும் இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன.

வீட்டைக் கட்டியவர் ரீச்சரின் பாட்டனார். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்சன் காசில் எழும்பிய வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, பனஞ்சலாகைக்கு மேல் ஓடு. தெற்குப் பக்க மூலை அறையில் கட்டிலில் படுத்தபடி அண்ணாந்து பார்த்தால் அங்கே மட்டும் சலாகையும் ஓடும் வேறு நிறமாக இருக்கும். 1995 ஒக்ரோபர் 30 அன்று சண்டையால் யாழ் நகரும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது ரீச்சர் குடும்பமும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்குப் போயிற்று. அடுத்த வருடம் திரும்பிவந்து பார்த்தபோது அந்த மூலையில் கூரை இல்லை. பழைய அளவில் ஓடு கிடைக்காததால், கிடைத்ததை வைத்து மூடியிருக்கிறார்கள். இரண்டு ஓடும் சரியாகப் பொருந்தாது. ஆகவே கார்த்திகை, மார்கழி மழையில் போகிறவர்கள் அந்த அறையை எடுக்கவேண்டாம். எத்தனையோ தரம் திருத்தியும் ஒரு துளியாவது உள்ளே வரத்தான் செய்கிறது.

அறை கொடுக்கத் தொடங்கியது 2002 இல். பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியும் திறந்ததும் கண்காணிப்புக் குழுக்காரர், தொண்டு நிறுவனக்காரர், வெளிநாட்டிலிருந்து உறவைப் பார்க்க வந்தவர்கள் என்று சனம் வந்து குவிந்தது. படுக்க இடமில்லை. ரீச்சருக்கு அப்போது பென்சன் மட்டும்தான் வருமானம், வீட்டில் நாலு அறை சும்மா கிடந்தது. யாரோ கேட்டார்கள், கொடுத்தார். ஆனால் காசு வாங்குவது அவருக்குப் பெரிய சங்கடம். வந்தவரைத் தங்கவைத்துவிட்டுக் கணக்குச் சொல்வதை ஏற்காத ஊர் இது. பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்டாற்போல நிற்கும் தெருமூடிமடம் வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டியதுதான். ஆறுகால்மடம் என்று இடத்துக்கே மடத்தின் பெயர் இருக்கிறது. அந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாய்திறந்து சொல்வது சும்மா விஷயமல்ல. முதல் சில வருடம் நான் போகும்போது காசை உறையில் போட்டுச் சாமிப்படத்தட்டில் வைத்துவிட்டு வருவேன். அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது மருமகள் பில் தருகிறார். ரீச்சர் அந்த நேரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

விறாந்தை மேசையில் இருக்கும், தங்கியவர்களின் பெயர் பதிந்த சீ.ஆர். கொப்பிகளை (தடித்த மட்டை போட்டவை) கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் தங்கினாலும் பதிந்து வைத்திருக்கவேண்டிய காலத்தில் தொடங்கியவை. பிறகும் அவர் விடவில்லை. முதல் கொப்பியில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த நோர்வே, சுவீடன்காரரின் பெயர்கள், அடுத்தடுத்து லண்டன், ரொறன்ரோ விலாசங்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 வீதி பூட்டப்பட்டதும் எழுத்து ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பெயர்தான், கப்பலிலோ பிளேனிலோ வந்து சேர்ந்தவர்கள். போர் முடிந்தபின் வரும் பக்கங்களில் சிங்களக் கையெழுத்து நிறைய. நயினாதீவு விகாரைக்குப் போகிற வழியில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கியதும் வார இறுதிப் பக்கங்கள் நிரம்புகின்றன. இந்த ஊரின் இருபது வருடத்தை இவ்வளவு நேராகச் சொல்கிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. ரீச்சருக்குப் பிறகு அந்தக் கொப்பிகள் எங்கே போகும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் முறையிடுவது இதைப் பற்றித்தான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற ஊர். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. சவர்க்காரம் லேசில் நுரைக்காது, தலைமுடி கயிறுபோல நிற்கும், கேத்தலின் அடியில் வெள்ளைப்படை கட்டும். ஷவர் கண்ணெல்லாம் அடைபடும். இந்த வீட்டில் அதைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துப் பூட்டுகிறார்கள், அதனால் ஓரளவுக்கு ஓடும். குடிக்க வேறு தண்ணீர் தருகிறார்கள். என் யோசனை, ஷவரை மறந்துவிட்டு விடிய ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போங்கள். துலா போய் மோட்டர் வந்துவிட்டது, ஆனால் தொட்டி நிறையத் தண்ணீரும் வாளியும் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் அந்த நேரத்தில் இளஞ்சூடாக இருக்கும்.

சாப்பாடு முதல்நாள் இரவே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் காலையில் பாணும் சம்பலும்தான். சொன்னால் இடியப்பமும் சொதியும், அல்லது பிட்டு. கறுத்தக்கொழும்பான் காலத்தில் பிட்டோடு மாம்பழம் வெட்டி வைப்பார்கள், கேட்கத் தேவையில்லை. இரவில் மீன்குழம்பு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லுங்கள், சந்தைக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் மச்சம் படலைக்குள்ளேயே வரக்கூடாது. வருடம் முழுக்கக் குடிக்கவும் கூடாது. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் பியர்ப் போத்தலோடு விறாந்தையில் இருந்தபோது ரீச்சர் சத்தம் போடவில்லை. “தம்பிமார், இது நாங்கள் இருக்கிற வீடு. வேணுமெண்டா நல்ல ஹொட்டேல் இருக்கு, ஓட்டோ பிடிச்சுத் தாறன்” என்றார். அவர்கள் போத்தலைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார்கள்.

2022 இல் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை என்ற நேரத்தில்தான் அந்த வீட்டின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது. நகரில் வேறொரு இடத்தில் தங்கிய என் சகபாடி இருட்டு அறைக்கு முழுக் காசும் கொடுத்தார். இங்கே ரீச்சர் அலுமாரிக்கு மேலிருந்து ஜாம்போத்தல் விளக்குகளை இறக்கினார். அடியில் பஞ்சு, அதில் கொஞ்சமாய் மண்ணெண்ணெய், கம்பியில் நிற்கும் சின்னத் திரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கமாக இருந்தபோது முழு யாழ்ப்பாணமும் படித்தது இந்த வெளிச்சத்தில்தான். எண்ணெய் குடிக்காது, காற்றுக்கும் அணையாது. எனக்கு வேலைக்குப் போக மகனின் பழைய லுமாலா சைக்கிளைக் காற்றடித்துத் தந்தார்.

மாற்றங்கள் எல்லாம் எனக்குப் பிடித்தவை என்று சொல்லமாட்டேன். மருமகள் பொறுப்பெடுத்தபின் இரண்டு அறைக்கு ஏசி வந்தது, சித்திரை வெயிலில் அது கட்டாயம் வேண்டும். நுளம்புவலைகள் புதிது. பாத்றூம்கள் அறையோடு சேர்ந்துவிட்டன, வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் முன்விறாந்தையில் பாதியைக் கண்ணாடி போட்டு அடைத்தது பெரிய பிழை. பின்னேரம் காற்று வந்த இடம் அது, ரீச்சரும் தங்க வந்தவர்களும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்த இடம். இப்போது ஆளாளுக்கு அறைக்குள் போய்விடுகிறார்கள். வாடகையும் 2019 இல் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். சாமான் விலைக்கு அது நியாயம்தான்.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு வந்து போகிறவர்களுக்கும், அறைக்கே எல்லாம் வரவேண்டும் என்பவர்களுக்கும் இது சரிவராது. விடிய கோயில் மணியும் ஒலிபெருக்கியும் கேட்கும், அதையும் யோசியுங்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முற்றம் ஒன்றே போதும்.

திருவிழாவுக்கு வருவதென்றால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேற்றம், 24 ஆம் நாள் தேர், 25 இல் தீர்த்தம். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவதால் ஓட்டோ வாசலுக்கு வராது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். தேர், தீர்த்தத்துக்கு அறை கிடைப்பது கஷ்டம். வழக்கமாக வருகிற குடும்பங்கள் போகும்போதே அடுத்த வருடத்துக்குச் சொல்லிவிட்டுப் போகின்றன. கொடியேற்றத்தை ஒட்டி முதல் வாரத்துக்கு வைகாசியில் போன் எடுத்துச் சொன்னால் தருவார்கள். கிணற்றடிப் பக்க அறையைக் கேளுங்கள்.