ஸ்பின் பயிற்சி: இரண்டு இடங்களில் எடுத்தேன், இரண்டாவது இடத்தில்தான் கற்றுக்கொண்டேன்

பைலட் லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. கையில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட விமானம் ஸ்பின்னில், அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்து சுழன்றுகொண்டே விழுவதில், சுற்றி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இது சகஜம்தான். தனியார் பைலட் லைசென்ஸுக்கு ஸ்பின் தேவையில்லை என்று 1949-லேயே எடுத்துவிட்டார்கள், ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலை) வரை போய் மீண்டு காட்டினால் போதும், இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம். நானும் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது, போன வருஷம் ஒரு சாயங்காலம் வரைக்கும்.

அன்று காற்று பின்னாலிருந்து தள்ளியது. ரன்வேக்குத் திரும்பும் கடைசி இடது திருப்பத்தில் மையக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். மூக்கைச் சீக்கிரம் திருப்ப வேண்டும் என்ற அவசரத்தில் இடது கால் தானாக ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு, மிதியால் இயங்குவது) அழுத்தியிருக்கிறது, சாய்வு அதிகமாகிறதே என்று கை வலது பக்கம் பிடித்திருக்கிறது, கூடவே ஸ்டிக்கைக் கொஞ்சம் இழுத்தும் இருக்கிறேன். இறங்கும் முன் தற்செயலாகக் கீழே பார்த்தால், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியின் பந்து வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து 400 அடியோ என்னவோ உயரத்தில், ஸ்பின்னுக்குள் நுழைய என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் வரிசையாகச் செய்திருக்கிறேன். வேகம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் ஸ்பின் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம், சாண்ட்லரில். வருஷம் முழுக்க வெயில், அதனால் பறக்கும் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு இடங்களில் காசு கொடுத்துப் பயிற்சி எடுத்தேன். இரண்டின் பெயரையும் போடவில்லை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் எதைப் பார்த்து ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் இடம் மலிவு. பழைய செஸ்னா 152, பாராசூட் கிடையாது. சட்டப்படி அது தப்பும் இல்லை. லைசென்ஸுக்குத் தேவையான ஸ்பின்னை இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொடுக்கும்போது பாராசூட்டுக்கு விலக்கு இருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு விஷயங்கள். தரையில் பாடம் என்று பத்து நிமிஷம், அதுவும் விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டே. எடைக் கணக்கு போடவே இல்லை. ஸீட்டுக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன ஒரு ஆயில் பாட்டிலும் விமானத்தைக் கட்டும் கயிறும் கிடந்தன. நான் எடுத்து வெளியே வைத்தேன், அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மேலே போய் அவரே மூன்று தடவை ஸ்பின் போட்டார், அவரே மீட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவதை நான் போட்டேன், ஆனால் ரடர் அவர் காலில்தான் இருந்தது. இறங்கியதும் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது ஏதோ ராட்டினத்தில் ஏறி இறங்கிய மாதிரி இருந்தது, கற்றுக்கொண்டது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998-ல் கனடாவின் கியூபெக்கில் ஸ்பின் பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 152-ன் ரடர், தடுப்பானைத் தாண்டி ஓரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது, விமானம் மீளவே இல்லை. அதற்குப் பிறகு 150, 152 இரண்டுக்கும் ரடர் தடுப்பானை மாற்றும் கிட் வந்தது. 2009-ல் அமெரிக்காவின் விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ, அந்தக் கிட்டைப் போடு, இல்லையென்றால் ஸ்பின் கூடாது என்று பலகை ஒட்டு என்று உத்தரவே போட்டது. முதல் இடத்து இன்ஸ்ட்ரக்டரிடம் பிற்பாடு இதைக் கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. விமானத்தில் கிட் போட்டிருந்தார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அங்கே நான் மறுபடி போகவும் இல்லை. 152-ல் பயிற்சி எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இரண்டாவது இடம் சின்னது, மொத்தமே இரண்டு விமானம். நான் பறந்தது சூப்பர் டெகாத்லான்: 180 குதிரைத்திறன் லைகோமிங் எஞ்சின், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் அமைப்பு, தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. மூன்று நாள், மூன்று பறப்பு, தரைப் பாடம் எல்லாம் சேர்த்து எனக்கு 1,400 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. முதல் இடத்தைப் போல மூன்று மடங்கு. ஒவ்வொரு டாலருக்கும் மதிப்பு இருந்தது என்று மனசாரச் சொல்கிறேன்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் விமானத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. அந்த அம்மா (இன்ஸ்ட்ரக்டருக்கு அறுபது வயதிருக்கும்) வெள்ளைப் பலகையில் இறக்கையின் குறுக்குவெட்டை வரைந்துவிட்டு, இரண்டு இறக்கையும் ஸ்டால் ஆகியிருக்கிறது, ஆனால் ஒன்று மற்றதைவிட ஆழமாக ஆகியிருக்கிறது, அதனால்தான் அது சுற்றுகிறது என்று பொறுமையாக ஆரம்பித்தார். உள்பக்க இறக்கைக்குத் தூக்கும் விசை குறைவு, இழுவை அதிகம். அதனால் சுற்றல் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ளும், நாம் ஏதாவது செய்து உடைத்தால்தான் நிற்கும். 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லார்க்ஹில்லில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஒரு ஆவ்ரோ விமானத்தில் இப்படி மாட்டிய கதையையும் சொன்னார். எஞ்சினை முழுசாகத் திறந்து பார்த்தார், ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், சுற்றும் பக்கமே ரடரை மிதித்தும் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் எதிர்ப்பக்க ரடரை மிதித்ததும் நின்றது, தரைக்குச் சுமார் 50 அடி இருக்கும்போது. அவர் முதலில் செய்த மூன்றும்தான் இன்றைக்கும் நம் உடம்பு தானாகச் செய்யத் துடிக்கிற மூன்று என்றார். எனக்கு என்னுடைய அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

பிறகு எடை. பாராசூட்டை மாட்டிக்கொண்டே தராசில் ஏறச் சொன்னார். பாராசூட் மட்டும் ஏழெட்டுக் கிலோ வரும். சாகசப் பறப்புக்கான 1,800 பவுண்டு வரம்புக்குள் வர எவ்வளவு பெட்ரோல் எடுக்கலாம் என்று என்னையே கணக்குப் போட வைத்தார். வந்த விடை ஒரு மணி நேரப் பறப்புக்கும் கையிருப்புக்கும் சரியாக இருந்தது. எடை பின்பக்கம் தள்ளிப்போனால் ஸ்பின் தட்டையாகும், மீட்பது கஷ்டமாகும், சில சமயம் முடியாமலே போகும். அதனால்தான் ஸ்பின் அனுமதி உள்ள செஸ்னா 172-ல்கூட பின் ஸீட்டும் சாமான் இடமும் காலியாக இருந்தாக வேண்டும். முதல் இடத்தில் பின்னால் கிடந்த ஆயில் பாட்டில் அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

பாராசூட் பையில் ஒரு அட்டை இருக்கும், கடைசியாக எப்போது மடித்துக் கட்டினார்கள் என்று தேதி போட்டு. செயற்கை இழைத் துணியென்றால் 180 நாளுக்குள் இருக்க வேண்டும். நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு இடத்தை எடைபோட எனக்கு அது ஒன்றே போதும். அப்புறம் தரையில் நிற்கும் விமானத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை: கதவைக் கழற்றி விடும் கைப்பிடி, பெல்ட், வெளியே. கதவு வலது பக்கம் மட்டும்தான், கை தானாக அங்கே போக வேண்டும். 3,000 அடி உயரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் பேச்சே இல்லை, குதிக்க வேண்டியதுதான் என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டோம். சுற்றும்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பறப்பது காலை ஆறரைக்கு. வெயில் ஏறினால் காற்று குலுக்க ஆரம்பித்துவிடும். 7,000 அடியில் ஆரம்பித்தோம், கீழே பாலைவனம் கடல் மட்டத்திலிருந்து 1,500 அடி, ஆக நிஜ உயரம் 5,500. சாகசப் பறப்புக்குச் சட்டம் தரையிலிருந்து 1,500 அடி என்கிறது, அதை எல்லையாக வைத்துக்கொண்டு யாரும் ஸ்பின் பழகக் கூடாது. செஸ்னாவின் கையேடே, முடிந்தவரை 4,000 அடிக்கு மேலேயே மீண்டு முடிக்கப் பார் என்கிறது, ஒரு சுற்றுக்கும் மீட்புக்கும் குறைந்தது 1,000 அடி போகும் என்றும் சொல்கிறது.

முதல் ஸ்பின். த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூடி, மூக்கைத் தூக்கி, ஸ்டிக் வயிற்றில் இடிக்கும்வரை இழுத்து, ஸ்டால் நடுக்கம் வந்ததும் இடது ரடரை முழுசாக மிதிக்கச் சொன்னார். இடது இறக்கை சரிந்தது, ஒரு நொடி தலைகீழாகத் தொங்கிய மாதிரி இருந்தது, பிறகு கண்ணாடி முழுக்கத் தரை, அது சுழல்கிறது. சின்ன வயதில் முற்றத்தில் தட்டாமாலை சுற்றி விழுந்தபின் வானம் சுழலுமே, அதுவேதான், வானத்துக்குப் பதில் மண். என் இரண்டு கையும் ஸ்டிக்கை இழுத்துக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து குரல், கொஞ்சமும் உயராமல்: "மலையைப் பாருங்கள். எண்ணுங்கள்." சூப்பர்ஸ்டிஷன் மலை கண்ணெதிரே ஓடியது, ஒன்று. மறுபடி மலை, இரண்டு. "இப்போது நீங்கள்." த்ராட்டில் மூடியிருக்கிறதா, எய்லரான் (சாய்வை மாற்றும் இறக்கைத் தகடு) நடுவில், எதிர் ரடர் முழுசாக, அப்புறம்தான் ஸ்டிக் முன்னால். முக்கால் சுற்றில் சட்டென்று நின்றது. நின்றதும் ரடரை எடுக்க மறந்தேன், மூக்கு மறுபக்கம் ஓடப் பார்த்தது. "கால், கால்!" அதற்கப்புறம் மறக்கவில்லை.

சுற்றும்போது ஏர்ஸ்பீட் முள்ளைப் பார்க்கச் சொன்னார். அது கீழேயே கிடந்து நடுங்கியது, ஏறவில்லை. ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் கிடையாது, ஸ்பைரல் (ஸ்டால் ஆகாமலே வேகம் ஏறிக்கொண்டு சுருண்டு இறங்குவது), அதற்கு வேறு வைத்தியம். 152, 172-ல் ஸ்பின் தானாகவே ஸ்பைரலாக மாறிவிடும், அப்போது பழைய பாடத்தையே செய்துகொண்டிருந்தால் வேகம் எகிறி இறக்கைக்கு ஆபத்து என்றார். இது முதல் இடத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம்.

மூன்றாவது நாள்தான் நான் காசு கொடுத்ததற்கான நிஜக் காரணம். 6,000 அடிதான் தரை என்று வைத்துக்கொண்டோம். கீழே ஒரு நேர்ச் சாலை, அதுதான் ரன்வே. 6,500-ல் இடது திருப்பம், மையக்கோட்டைத் தாண்டுகிறேன், இடது ரடர், வலது எய்லரான், லேசாக இழு. அதே சாயங்காலம். ஸ்டால் நடுக்கம்கூடச் சரியாக வரவில்லை, இடது இறக்கை அடியில் மடங்கிப் போய் விமானம் குப்புறக் கவிழ்ந்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்து, கால் தயாராக இருந்து, உடனே மீட்டும் நிமிர்ந்தபோது 5,600 அடி. தரைக்கு 400 அடி கீழே. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆல்டிமீட்டரைக் காட்டினார், அவ்வளவுதான். அந்த உயரத்தில் மீட்பு என்று ஒன்று கிடையாது, நுழையாமல் இருப்பதுதான் வழி. அதன்பின் அதையே ஆறு தடவை செய்தோம், ஒவ்வொரு தடவையும் இன்னும் முன்னாலேயே நிறுத்தினேன். கடைசியில் பந்தைப் பார்க்காமலே உடம்பு ஒரு பக்கம் தள்ளப்படுவது இடுப்பில் தெரிந்தது.

குறைகளும் உண்டு. இரண்டாவது நாள் காலையில் மூன்று மணி நேரம் காக்கவைத்தார்கள், விமானம் வேறு யாருக்கோ போயிருந்தது, முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை. அதனால் வெயில் ஏறியபின் பறக்க நேர்ந்து வயிறு பிரட்டியது, நாலே ஸ்பின்னில் இறங்கிவிட்டோம். வீடியோவுக்குத் தனிக் காசு வாங்கினார்கள், ஒலி பதிவாகவில்லை. கொடுத்த அச்சுத் தாள்கள் நகலின் நகல், படங்கள் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன.

வயிற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வெறும் வயிற்றில் போகாதீர்கள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனேன், சட்டைப் பையில் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய இஞ்சி மரப்பா. ஒரு நாளைக்கு ஆறேழு ஸ்பின்னுக்கு மேல் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம் மூளை எதையும் வாங்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் வாடகை விமானத்தில் தனியாகப் போய் முயன்று பார்க்காதீர்கள். சாதாரண வகை விமானம் ஒரு சுற்று ஸ்பின்னிலிருந்து மீளும் என்றுதான் சோதித்திருப்பார்கள், அதற்கு மேல் என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. சிர்ரஸ் ஓட்டுபவர்களுக்கு விமானத்தின் பாராசூட்டை இழுப்பதுதான் கையேடு சொல்லும் வழி, அதில் பழகிப்பார்க்க ஒன்றுமே இல்லை. டெகாத்லானோ அதே குடும்பத்துச் சிட்டாப்ரியாவோ வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள். எங்கள் பக்கம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை காலை நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். நான் நவம்பருக்கு ஒரு மணி நேரம் இப்போதே எழுதி வைத்துவிட்டேன், இந்த முறை வலது பக்கத் திருப்பம் மட்டும்.